அல்ட்ராலைட் கிளைடர்: உந்துவிசிறியும் கல்லடியும்

எஞ்சின் பொருத்தப்பட்ட அல்ட்ராலைட் கிளைடர்கள் (மிகு இலகு மிதவை வானூர்திகள்) தம் சொந்த விசையில் தரையிலிருந்து மேலெழும்பும்போது, ஓடுபாதையில் கிடக்கும் சிறு கற்கள் எகிறி உந்துவிசிறியின் (புரொப்பெல்லர்) இதழ்களில் மோதுவதுண்டு. இது கல்லடி எனப்படுகிறது. பெரும்பாலும் முன்விளிம்பில் ஒரு சிறு வடு மட்டுமே தெரியும். ஆனால் அந்த வடுவிலிருந்து விரிசல் வளரலாம். இதழின் ஒரு துண்டு பிய்ந்து போகலாம். அதனால் எழும் அதிர்வு எஞ்சினையே அதன் பிடிப்பிலிருந்து பெயர்த்துவிடவும் கூடும். ஆகவே கல்லடியைத் தடுப்பது பராமரிப்புச் செலவைக் குறைக்கும் வேலை மட்டுமல்ல, பறப்புப் பாதுகாப்பின் ஒரு பகுதியும் ஆகும்.

சக்கரங்களுக்கு மட்கார்டு பொருத்துதல், இதழின் முன்விளிம்புக்குக் கவசம் இடுதல், ஓடுபாதையைச் சுத்தமாக வைத்தல், புறப்படும்போது எஞ்சின் விசையைப் படிப்படியாகக் கூட்டுதல் ஆகியவை முக்கியமான காப்பு முறைகள். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. எல்லாம் சேரும்போதுதான் பலன் கிடைக்கிறது.

எந்த வகை வானூர்திகளில் நேர்கிறது

உந்துவிசிறி எங்கே அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கல்லடியின் அபாயம் மாறுகிறது.

ட்ரைக்: மேலே தொங்கு கிளைடரின் துணி இறக்கையும், கீழே மூன்று சக்கரங்கள் கொண்ட சிறு வண்டியும் சேர்ந்த வானூர்தி இது. எஞ்சினும் உந்துவிசிறியும் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மூன்று சக்கரங்களும் உந்துவிசிறிக்கு முன்னால் உருள்வதால், சக்கரம் எற்றும் கல் நேரே இதழ்களின் வழியில் வந்து சேர்கிறது. கல்லடி அதிகம் நேர்வது இவ்வகையில்தான். சக்கர வண்டி பொருத்திய பாராமோட்டருக்கும் இது பொருந்தும். அதன் உந்துவிசிறியைச் சுற்றியுள்ள வலைக்கூண்டு பாராசூட் கயிறுகளும் மனிதக் கைகளும் சிக்காமல் காக்கவே அமைக்கப்பட்டது. வலையின் கண்கள் பெரியவை என்பதால் சிறு கற்களை அது தடுப்பதில்லை.

மூக்கில் உந்துவிசிறி கொண்ட கிளைடர்: மின்மோட்டாரை மூக்கில் பொருத்தும் முறை 2009-க்குப் பின் பரவியது. ஸ்லோவேனியாவில் உருவான எஃப்.இ.எஸ். அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உந்துவிசிறி சுமார் 1 மீட்டர் விட்டம் கொண்டது. மோட்டார் நின்றதும் இதழ்கள் உடலோடு ஒட்டி மடிந்துகொள்ளும். இங்கே சக்கரம் உந்துவிசிறிக்குப் பின்னால் இருப்பதால் அது எற்றும் கல் இதழை எட்டுவதில்லை. ஆனால் கிளைடரின் உடல் தரைக்கு மிக அருகில் இருப்பதால் இதழ் நுனிக்கும் தரைக்கும் இடையே இடைவெளி குறைவு. நீண்ட புல்லும், காற்று உறிஞ்சி எழுப்பும் சிறு கற்களும் நுனியைத் தாக்கலாம்.

தூணில் உயரும் உந்துவிசிறி கொண்ட கிளைடர்: விமானியின் பின்னால் உடலுக்குள்ளிருந்து ஒரு தூண் எழும்ப, அதன் உச்சியில் உந்துவிசிறி சுழலும். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் டாரஸ் இவ்வகையைச் சேர்ந்தது. உந்துவிசிறி உயரத்தில் இருப்பதாலும், சக்கரத்துக்கும் அதற்கும் இடையே கிளைடரின் உடலே தடுப்பாக அமைவதாலும், மூன்று வகைகளில் கல்லடி குறைவாக நேர்வது இதில்தான்.

கல் எப்படி மேலே வருகிறது

கல் இரண்டு வழிகளில் இதழை அடைகிறது. முதலாவது சக்கரம். டயரின் பள்ளங்களில் சிக்கிய கல், சக்கரம் சுழலும்போது விடுபட்டு மேலே எறியப்படுகிறது. டயரின் ஓரத்தில் மிதிபடும் கல்லும் பிதுங்கித் தெறிக்கும். அது அதிக உயரம் எழும்பத் தேவையில்லை என்பதே சிக்கல். ஒரு ட்ரைக்கில் முன்சக்கரத்துக்கும் உந்துவிசிறிக்கும் இடையே 2 மீட்டர் தூரம் என்றும், இதழின் கீழ்நுனி தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். வண்டி வினாடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.) வேகத்தில் ஓடும்போது அந்த 2 மீட்டரைக் கடக்க 0.2 வினாடி போதும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறியப்பட்ட கல் அதே 0.2 வினாடியில் சுமார் 40 செ.மீ. உயரத்தை எட்டியிருக்கும். அதாவது கல் கீழே விழுமுன் உந்துவிசிறியே அதை வந்தடைகிறது.

இரண்டாவது வழி காற்றுச் சுழி. வானூர்தி நின்றுகொண்டிருக்கையில் எஞ்சினை முழு விசையில் ஓட்டினால், உந்துவிசிறி எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்றை இழுக்கிறது. தரைப் பக்கத்திலிருந்து வரும் காற்று சுருண்டு, தரைக்கும் உந்துவிசிறிக்கும் இடையே ஒரு சிறு சூறாவளிபோல் நிற்கும். தொட்டியில் தண்ணீர் வடியும்போது துளையின்மேல் தோன்றும் சுழியைப் போன்றதுதான் இதுவும். சுழியின் நடுவில் அழுத்தம் குறைவாக இருப்பதால் தூசும் மணலும் பொடிக்கற்களும் மேலே இழுக்கப்படுகின்றன. உந்துவிசிறி தரைக்கு நெருக்கமாக இருக்க இருக்கவும், விசை கூடக் கூடவும் சுழி வலுக்கிறது. வானூர்தி முன்னோக்கி ஓடத் தொடங்கியதும் காற்று முன்பக்கத்திலிருந்தே நேராக வருவதால் சுழி கலைந்துவிடும்.

இவ்விரு வழிகளும் வெவ்வேறு நேரத்தில் வலுப்பெறுபவை. சுழியின் அபாயம் நின்ற நிலையிலும் மெதுவான ஓட்டத்திலும் அதிகம். சக்கரத்தின் அபாயம் வேகம் கூடும்போது வளர்ந்து, சக்கரம் தரையை விட்டதும் முடிகிறது.

சிறு கல்லும் பெரிய ஆற்றலும்

கல் மெதுவாக எழும்பினாலும் இதழ் மிக வேகமாக வந்து அதை அடிக்கிறது. ட்ரைக்குகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ரோட்டாக்ஸ் 582 எஞ்சின் நிமிடத்திற்கு 6500 சுற்றில் தன் முழுத் திறனைத் தருகிறது. 2.58 விகிதப் பல்சக்கரப் பெட்டி வழியாக உந்துவிசிறி நிமிடத்திற்குச் சுமார் 2520 சுற்று, அதாவது வினாடிக்கு 42 சுற்று சுழலும். உந்துவிசிறியின் விட்டம் 1.7 மீட்டர் என்றால் நுனியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 224 மீட்டர். இது மணிக்கு 800 கி.மீ.க்குச் சற்று மேல்.

இந்த வேகத்தில் 5 கிராம் எடையுள்ள கல் நுனியில் படும்போது மோதலின் ஆற்றல் சுமார் 125 ஜூல். 1 கிலோ எடையுள்ள ஒரு பொருள் ஏறக்குறைய 13 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல் இது. அதுவும் விரல் நுனி அளவுள்ள ஓர் இடத்தில் மொத்தமாக இறங்குகிறது.

ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இதழின் நடுப்பகுதியில் வேகம் பாதி என்பதால் அங்கே ஆற்றல் நான்கில் ஒரு பங்கே. கல்லடித் தழும்புகள் பெரும்பாலும் இதழின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதியில் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்; அப்பகுதி தரைக்கு அருகில் வருவது மற்றொரு காரணம். இரண்டாவது, சுற்று வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே கல்லின் அடி நான்கில் ஒரு பங்காகக் குறையும். கரடுமுரடான தரையில் குறைந்த விசையில் ஓட்ட வேண்டும் என்ற அறிவுரையின் அடிப்படை இதுவே.

சேதத்தின் வகைகள்

மரம்: பல மர அடுக்குகளை ஒட்டிச் செய்த உந்துவிசிறி அதிர்வை நன்கு தாங்கும். ஆனால் கல் பட்டால் முன்விளிம்பு நசுங்கும் அல்லது சில்லு பெயரும். மேற்பூச்சு உடைந்த இடத்தில் ஈரம் புகுந்து மரம் உப்பும். இதழ்கள் சமமாக ஈரம் உறிஞ்சுவதில்லை என்பதால் எடைச் சமநிலையும் கெடுகிறது.

அலுமினியம்: கல் பட்ட இடத்தில் கூர்மையான வெட்டு உண்டாகிறது. இதழை வெளிநோக்கி இழுக்கும் விசையும் அதிர்வும் அந்த வெட்டின் அடியில் குவிவதால் அங்கிருந்து களைப்பு விரிசல் தொடங்கும். கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் வெட்டு பல மணிநேரப் பறப்புக்குப் பின் இதழை முறிக்கலாம்.

கார்பன் இழை, கண்ணாடி இழை: இன்றைய அல்ட்ராலைட்களில் பெருமளவில் பயன்படுபவை இவை. எடை குறைவு, வலிமை அதிகம். ஆனால் வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் அடியின் கீழே இழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கக்கூடும். மேலே தெரிவதை வைத்து உள்ளே நடந்ததை மதிப்பிட முடியாது என்பதே இப்பொருளின் குறை.

எவ்வகை இதழானாலும் ஒரு துண்டு பெயர்ந்தால் சமநிலை குலைகிறது. மேலே சொன்ன உந்துவிசிறியின் நுனியிலிருந்து வெறும் 1 கிராம் குறைந்தாலும், சுழலும்போது சுமார் 59 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை ஒரு பக்கமாகத் தோன்றி, வினாடிக்கு 42 முறை திசை மாறி எஞ்சினை உலுக்கும். 10 கிராம் குறைந்தால் அது 60 கிலோ ஆகும். இதழ் பாதியில் முறிந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வானூர்தியில் செய்யப்படும் காப்புகள்

மட்கார்டு: ட்ரைக்குக்கு மிகவும் பயன்தரும் காப்பு இதுவே. முன்சக்கரத்தின் மட்கார்டு மேற்பகுதியை மூடினால் மட்டும் போதாது. கல் எறியப்படுவது சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்து என்பதால், அது பின்பக்கமாகக் கீழிறங்கி, முடிந்தவரை தரைக்கு அருகே வர வேண்டும். லாரிகளின் பின்சக்கரங்களில் தொங்குவது போன்ற ரப்பர்த் தகட்டை அதன் முனையில் சேர்ப்பதும் உண்டு. பின்சக்கரங்களுக்கும் உறை தேவை. அவை உந்துவிசிறிக்கு இன்னும் அருகில் உள்ளன. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே போதிய இடைவெளி விடாவிட்டால் சேறு அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். பிடிப்புத் திருகுகள் தளர்ந்து மட்கார்டு கழன்றால் அதுவே உந்துவிசிறிக்குள் போகும். கல்லைவிடப் பெரிய சேதம் அப்போது நேரும். எனவே ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அதை ஆட்டிப் பார்ப்பது வழக்கம்.

முன்விளிம்புக் கவசம்: மர இதழ்களில் பித்தளைத் தகடு அல்லது கடினப் பிளாஸ்டிக் பட்டை பதிக்கப்படுகிறது. இழைவகை இதழ்கள் சிலவற்றில் நிக்கல் கவசம் தயாரிப்பிலேயே வருகிறது. பின்னர் ஒட்டிக்கொள்ளக்கூடியது பாலியூரிதேன் நாடா. ஹெலிகாப்டர் சுழலிகளின் முன்விளிம்பை மணல் அரிக்காமல் காக்கப் பயன்பட்டதால் இதற்கு ஹெலிகாப்டர் டேப் என்றே பெயர். மணல், மழைத்துளி, பொடிக்கல் ஆகியவற்றை அது நன்கு தாங்கும். பெரிய கல்லின் அடியை அது தடுக்காது. அடியின் கீழுள்ள சேதத்தை மறைக்கவும் செய்யலாம். எல்லா இதழ்களிலும் ஒரே நீளத்தில், ஒரே தூரத்தில் ஒட்ட வேண்டும். ஓர் இதழில் நாடா பிய்ந்தால் மற்றவற்றிலும் உரித்துப் புதிதாக ஒட்டுவதே முறை. உந்துவிசிறி தயாரிப்பாளர் அனுமதிக்காத கவசத்தை ஒட்டக்கூடாது. விளிம்பின் வடிவம் மாறினால் இழுவிசையும் மாறும்.

டயர்: ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர் கற்களைக் கவ்விக்கொள்ளும். வழவழப்பான அல்லது நேர்கோட்டுப் பள்ளம் மட்டுமுள்ள டயரில் கல் தங்குவது குறைவு. தரையில் தள்ளிச் சென்ற பின் டயரில் பதிந்த கற்களைக் கையால் எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலைதான்.

தளர்ந்த பொருள்கள்: பின்புற உந்துவிசிறி கொண்ட வானூர்தியில் விமானியிடமிருந்து விழும் எதுவும் இதழை நோக்கியே போகும். தொப்பி, கையுறை, கைபேசி, எரிபொருள் மூடி போன்றவற்றைக் கயிற்றால் கட்டி வைப்பதும், பைகளை ஜிப் போட்டு மூடுவதும் கல்லடிக் காப்போடு சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன.

ஓடுபாதையும் புறப்படும் முறையும்

காப்பு இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. குட்டையாக வெட்டிய அடர்ந்த புல்தரை ட்ரைக்குக்கு ஏற்றது. வேர்கள் கற்களைப் பிடித்து வைக்கும். தார் அல்லது கான்கிரீட் பாதையும் நல்லதே. ஆனால் அதன் ஓரங்களிலும் மண்பாதை வந்து சேரும் இடங்களிலும் கற்கள் குவிந்திருக்கும். மோசமானது தளர்ந்த சரளைக்கல் தரை. புதிய இடத்தில் பறக்குமுன் ஓடும் தூரம் முழுவதையும் நடந்து பார்ப்பது நல்ல வழக்கம். கற்களோடு பள்ளங்களும் ஆணிகளும் அப்போதே கண்ணில் படும்.

எஞ்சினைச் சூடேற்றும் இடத்திலும் கவனம் தேவை. ரோட்டாக்ஸ் 582 போன்ற எஞ்சின்கள் போதிய வெப்பநிலையை அடையும்வரை குறைந்த சுற்றில் ஓட வேண்டும். அதன்பின் விசைச் சோதனையும் உண்டு. இவற்றைச் சரளைத் தரையில் நின்றபடி செய்தால் காற்றுச் சுழிக்கு வேண்டிய நேரத்தை நாமே தருவதாகும். உந்துவிசிறியின் கீழும் முன்னும் பெருக்கிய கான்கிரீட் தளமோ புல்தரையோ இதற்கு வேண்டும். மின்மோட்டாருக்குச் சூடேற்றல் தேவையில்லை என்பது இவ்வகையில் ஒரு நன்மை. உந்துவிசிறிக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. இதழ் அடித்த கல்லும் உடைந்த இதழும் தெறிப்பது அத்திசையில்தான்.

புறப்படும்போது பின்பற்றப்படும் முறைகள் வருமாறு:

- பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு விசை தருவதைத் தவிர்த்தல். வண்டி உருளத் தொடங்கியபின் விசையைப் படிப்படியாக உயர்த்தினால், சுழி வலுப்பெறும் முன்பே வானூர்தி அந்த இடத்தைக் கடந்துவிடும்.
- காற்றை எதிர்நோக்கிப் புறப்படுதல். எதிர்க்காற்று சுழியைக் கலைக்கிறது. சக்கரம் தரையில் ஓட வேண்டிய வேகத்தையும் தூரத்தையும் குறைக்கிறது.
- ட்ரைக்கில் போதிய வேகம் வந்ததும் கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னே தள்ளி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எடுத்தல். உந்துவிசிறியின் நேர்க்கோட்டில் உருளும் சக்கரம் அதுவே.
- மூக்கில் உந்துவிசிறி உள்ள கிளைடரில் வால் மிகையாக உயராமல் பார்த்துக்கொள்ளுதல். மூக்கு தாழ்ந்தால் கல் மட்டுமல்ல, தரையே இதழில் படும்.
- தரையில் நகரும்போது குறைந்த விசையில், சிறு திருப்பங்களின்றி ஓட்டுதல். சக்கரம் பக்கவாட்டில் அரைபடும்போது கற்கள் தெறிக்கின்றன.
- முன்னே புறப்பட்ட வானூர்தி கிளப்பிய தூசும் கற்களும் அடங்கும்வரை காத்திருத்தல்.

விசையை மெதுவாகக் கூட்டுவதற்கு ஒரு விலை உண்டு. புறப்பாட்டுக்குத் தேவையான தூரம் அதிகரிக்கும். குறுகிய மைதானத்தில், எதிரே மரங்களோ மின்கம்பிகளோ உள்ள இடத்தில், உந்துவிசிறியைக் காக்க எண்ணி மிக மெதுவாக விசை கொடுப்பது பெரிய அபாயத்தில் முடியலாம். அத்தகைய இடத்தில் கல்லைப் பொறுக்கித் தரையைச் சுத்தமாக்கிவிட்டு வழக்கமான முறையில் புறப்படுவதோ, அங்கிருந்து பறக்காமல் இருப்பதோதான் சரியான முடிவு.

சோதனையும் பழுதுபார்ப்பும்

எஞ்சின் மின்சுவிட்சுகளை அணைத்து, யாரும் இயக்க முடியாதபடி செய்த பின்னரே உந்துவிசிறியைத் தொட வேண்டும். முன்விளிம்பு நெடுக விரல் நகத்தை மெல்ல ஓட்டினால் கண்ணுக்குத் தப்பிய வெட்டும் தட்டுப்படும். இழைவகை இதழில் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். கல்லடி நேர்ந்தது தெரிந்தால் இதழின் பின்பக்கம், அடிப்பாகம், திருகுகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

எந்த அளவு வடு ஏற்கத்தக்கது என்பதை உந்துவிசிறியின் கையேடு கூறும். அலுமினிய இதழில் சிறு வெட்டை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குவதும், இழைவகை இதழில் சிறு குழியைப் பிசினால் நிரப்புவதும் அந்த வரம்புக்குள் மட்டுமே செய்யத்தக்கவை. பழுதுக்குப் பின் சமநிலை பார்ப்பது கட்டாயம். ஒவ்வோர் இதழையும் தனித்தனியே கழற்றக்கூடிய உந்துவிசிறியில் சேதமான இதழை மட்டும் மாற்ற முடியும் என்றாலும், எடை ஒத்த இதழைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெற வேண்டும்.

புறப்பாட்டின்போது அடிபட்டால்

"டக்" என்ற ஒலி, திடீர் அதிர்வு, புதிதாக ஒரு சீழ்க்கை ஒலி ஆகியவை கல்லடியின் அடையாளங்கள். சக்கரம் இன்னும் தரையில் இருந்து, முன்னே போதிய தூரமும் இருந்தால் விசையைக் குறைத்து நிறுத்திவிடுவதே முறை. மேலெழும்பிய பின் அதிர்வு கடுமையாக இருந்தால் எஞ்சின் விசையைக் குறைக்க வேண்டும். அதிர்வு நீடித்தால் எஞ்சினையே நிறுத்த வேண்டும். கிளைடர் எஞ்சின் இன்றியும் கட்டுப்பாட்டோடு இறங்கக்கூடியது. ஆடும் எஞ்சின் கழன்று விழுந்தால் எடைச் சமநிலை குலைந்து அந்தக் கட்டுப்பாடும் போய்விடும். உயரம் குறைவாக உள்ள நிலையில் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல் நேர் எதிரே உள்ள திறந்த இடத்தில் இறங்குவதே பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது. அடிபட்டும் அதிர்வு இல்லையென்றாலும், இறங்கிச் சோதிக்கும்வரை உந்துவிசிறி சேதமடைந்ததாகவே கருதப்படும்.

பெரிய விமானங்களில் இதே சிக்கல்

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சரளைக்கல் ஓடுபாதைகளில் இறங்குவதற்காக போயிங் 737-200 விமானத்துக்குத் தனிக் காப்பு அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. முன்சக்கரத்தின் பின்னால் அகன்ற கல்தடுப்புப் பலகை, பிரதானச் சக்கரங்களுக்குச் சிறு தடுப்புகள், விமானத்தின் அடிப்பகுதிக்கு உராய்வைத் தாங்கும் பூச்சு ஆகியவை அதில் உண்டு. ஒவ்வொரு எஞ்சினின் முன்னாலும் ஒரு சிறு குழாய் நீட்டப்பட்டு, அதன் வழியே எஞ்சினிலிருந்து எடுத்த காற்று கீழ்நோக்கிப் பீச்சப்பட்டது. தரையிலிருந்து எழும் சுழியைக் கலைப்பதே அதன் வேலை. சக்கரத்துக்குத் தடுப்பு, சுழிக்குக் கலைப்பு, மேற்பரப்புக்குக் கவசம் என்ற இந்த மூன்றுமே அல்ட்ராலைட் கிளைடரிலும் வேண்டியவை. அங்கே சுழியைக் கலைக்கத் தனிக் குழாய் இல்லாததால், அந்த வேலையை விமானியின் கை திராட்டிலில் காட்டும் நிதானம் செய்கிறது.